பாட்டுப்புத்தகப் பையில் வந்த ஷார்டனே

வைன் பாட்டில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் வேதபுத்தகமும் பாட்டுப்புத்தகமும் வைத்து ஆலயத்துக்குக் கொண்டுபோகிற கறுப்புப் பையில். கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரர். திருவனந்தபுரம் வரை போய், வரிசையில் நிற்க வேண்டாத பெரிய கடை ஒன்றில் வாங்கி, பையின் ஜிப்பை இழுத்து மூடி, பாறசாலை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். பக்கத்து சீட்டில் எங்கள் சபை மூப்பர் ஒருவர். பையைப் பார்த்துவிட்டு, ஜெபக்கூட்டத்துக்குப் போய்விட்டு வருகிறாரா என்று கேட்டாராம். இவரும் ஆமென்றாராம்.

“கள்ளம் சொல்லுறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?” என்றேன்.

“பின்ன என்ன சொல்லச் சொல்லுதே? ஷார்டனே வாங்கீட்டு வாறேன்னா?”

அந்த வெள்ளை வைனின் பெயரை அவர் சொல்லும்போது மட்டும் வாய் வேறு மாதிரி ஆகிவிடும். எங்கள் ஊர்ப் பேச்சு கழன்று விழுந்து, வெள்ளைச் சட்டையும் கறுப்பு வெயிஸ்ட்கோட்டும் போட்ட வேறொரு ஆள் எட்டிப் பார்ப்பார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் உல்லாசக் கப்பல்களில் வைன் பரிமாறியவர் அவர். விருந்தாளி எதைச் சாப்பிடுகிறானோ அதற்கு எந்த வைன் பொருந்தும் என்று சொல்வது, ஒரு வாய் ருசி பார்த்துப் பாட்டில் நல்லதா கெட்டதா என்று சொல்வது, இதுதான் வேலை. நானோ மிஷன் சபையில் பிறந்து, குடிப்பதில்லை என்று ஞாயிறு பள்ளியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள். பெண்கள் சங்கத்தில் யார் கேட்டாலும் ‘கப்பலில் சாப்பாட்டு விபாகத்தில் சூப்பர்வைசர்’ என்பேன். வைனும் சாப்பாட்டோடு போகிற சாதனம்தானே என்று மனசாட்சிக்கு ஒரு சமாதானம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் நானும் லேசுப்பட்டவளில்லை.

அவர் குடிகாரர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வேலையில் ருசி பார்த்ததையெல்லாம் துப்பிவிடுவார். துப்புவதற்கா இத்தனை படிப்பு என்று நான் கேலி செய்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். நாக்கு நீளம் என்று அங்கேயும் பெயர், இங்கேயும் பெயர்.

தொண்டையில் புற்று என்று தெரிந்தது அவர் கடைசிக் கப்பலிலிருந்து இறங்கி வந்த வருஷம். அறுக்க வேண்டாம், கதிர்வீச்சு வைத்தால் போதும் என்றார்கள். திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்கு வாரம் ஐந்து நாள் காரில் போனோம். புண் ஆறியது. குரல் பாதி திரும்பியது. நாக்கு மட்டும் திரும்பவில்லை. சில மாதத்தில் ருசியும் மணமும் திரும்பும், ஆளைப் பொறுத்து ஒரு வருஷம்கூட ஆகலாம் என்றார் டாக்டர். சிலருக்கு வராமலே போவதும் உண்டு என்பதை அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம் நிச்சயமாகச் சொல்லவில்லை.

ஒரு வருஷம் முடிந்தபோது ருசி வந்துவிட்டது என்றார். அதுவும் எப்படி, ஒரு நாள் காலையில் இட்லியைச் சட்னியில் தொட்டுக்கொண்டே, “உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு, கேட்டியா?” என்றார். நான் அடுக்களைக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். மகளுக்குப் போன் போட்டேன். சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டேன். சட்னியை நக்கிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

சந்தேகம் வந்தது திருவிருந்து ஞாயிறு ஒன்றில். எங்கள் சபையில் திருவிருந்துக்கு வைன் கிடையாது. கறுப்புத் திராட்சையைச் சர்க்கரையும் கிராம்பும் பட்டையும் போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டின ரசம்தான். பல வருஷமாக அதைச் செய்வது நான். அவர் லீவில் வந்திருக்கும் மாதங்களில், ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் செருப்பு மாட்டிக்கொண்டே மார்க் போடுவார். இன்று புளிப்பு முன்னால் நிற்கிறது, இன்று பட்டை அதிகம் என்று காதோடு சொல்வார். ஆண்டவருடைய பந்தியில் உட்கார்ந்துகொண்டும் இந்த மனுஷனுக்குத் தொழில் புத்தி போகாதா என்று நான் கிள்ளுவேன். எங்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒரு ரகசியச் சந்தோஷம் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மகளோடு போனில் பேசிக்கொண்டே நின்றதில் ரசம் அடிப்பிடித்துவிட்டது. வேறு திராட்சை வாங்க நேரமில்லை. அவசர வெப்ராளத்தில் கிராம்பு போடவும் மறந்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் சர்க்கரையைக் கொட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் அந்தச் சின்னக் கிண்ணத்தை வாயில் வைத்த ஒவ்வொருவர் முகமும் கோணியதை முன்வரிசையிலிருந்து பார்த்தேன். பந்தியில் யாரும் எதுவும் சொல்ல முடியாதே. வெளியே வந்ததும் இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். “என்னக்கா இண்ணைக்கு, ஒரே கரிஞ்ச மணமாக்கும்?”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே என் பக்கம் குனிந்தார். “இந்தத் தடவ நல்லா வந்திருக்கு. கிராம்பு அளவா இருந்தது.”

வீடு வரும்வரை அவர் பின்னாலேயே நடந்தேன். கழுத்துக் காலர் தளர்ந்து தொங்கியது, ஆள் அவ்வளவு மெலிந்திருந்தார். நாக்கு நீளமானவள் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படியானால் இட்லி, மீன்கறி, பாயசம் எல்லாவற்றுக்கும் இத்தனை நாள் சொன்னது பூரா என் முகத்தைப் பார்த்துச் சொன்னது என்று மட்டும் புரிந்தது. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அழுகை இரண்டு நாள் கழித்து வந்தது.

இதை இப்படியே விட்டிருக்கலாம். புருஷன் பெண்டாட்டிக்குள் இப்படி எத்தனை பொய் கிடக்கிறது. ஆனால் கப்பலில் அவரோடு இருந்த ஒரு பழைய சிநேகிதர், கடற்கரைப் பக்கம் புதிதாகத் திறக்கிற ரிசார்ட் ஒன்றுக்கு மேனேஜராக வந்தார். வைன்களைத் தேர்ந்தெடுத்து வைக்கவும் பரிமாறுகிறவர்களைப் பழக்கவும் ஆள் வேண்டும், நீ வா என்று கூப்பிட்டார். ஒரே ஒரு சடங்கு. திங்கட்கிழமை முதலாளி முன்னால் ஆறு கிளாஸ் வைப்பார்கள். பாட்டிலைக் காட்டமாட்டார்கள். எது என்ன என்று ருசி பார்த்துச் சொல்ல வேண்டும். இவர் சரி என்றுவிட்டார். பணத்துக்காக இல்லை. வீட்டில் உட்கார்ந்து பென்ஷன்காரியின் கையால் மருந்து வாங்கிச் சாப்பிடுவது அவருக்கு ஆகவில்லை. தோட்டத்தில் ரப்பர் வெட்டுகிறவர் வந்து போவதையும் ரப்பர்பால் எடுப்பதையும் பார்த்துக்கொண்டே பகல் முழுக்க இருப்பார். அந்தப் போன் வந்த நாளிலிருந்து காலையில் எழுந்து ஷேவ் செய்ய ஆரம்பித்தார்.

அதற்குப் பழகத்தான் இந்தப் பாட்டில்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, கப்பலிலிருந்து கொண்டுவந்த இரண்டு தண்டுக் கிளாஸ்களைத் துணியால் தேய்த்து வைத்தார். ஜன்னல் கொண்டிகளைப் போட்டுவிட்டு நான் எதிரே உட்கார்ந்தேன். சங்கத்துப் பெண்கள் யாராவது வந்தால் நாசம்.

“இது விலை கொறஞ்சதாக்கும்” என்றார் பாட்டிலைத் திருப்பிக் காட்டி. “நல்ல சாதனத்த ஓக் மரப் பீப்பாயில மாசக்கணக்கா வைப்பாவ. அந்த மரத்துக்க மணம் பைய உள்ள எறங்கும். இதுல பீப்பாயும் இல்ல, ஒண்ணும் இல்ல. மரத்துண்டப் போட்டு ஊறவச்சிருப்பானுவ. எண்ணாலும் பழகுறதுக்குப் போதும்.”

ஊற்றினார். சுழற்றினார். மூக்கைக் கிளாசுக்குள் விட்டு, கண்ணை மூடி, ஒரு வாய் எடுத்து உள்ளே உருட்டினார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். அன்னாசி. வெண்ணெய். வறுத்த தேங்காய். கொஞ்சம் வெனிலா. பின்னால் மரத்தின் கசப்பு. பாதிக் குரலிலும் அந்தச் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக இஸ்திரி போட்டதுபோல் வந்தன. சொல்லி முடித்து என்னைப் பார்த்தார்.

“நான் என்னத்தக் கண்டேன். நீங்க சொன்னா சரிதான்” என்றேன்.

“நீ ஒரு வாய் பாரேன்.”

“கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவளாக்கும் நான்.”

அவர் சிரித்தார். எனக்கு மனசு இரண்டாகக் கிடந்தது. ஒருவேளை வந்துவிட்டதோ, திருவிருந்துக்குப் பிறகு இந்த மாதத்தில் வந்துவிட்டதோ என்று ஒரு பக்கம் ஆசை. பாட்டிலைத் துடைக்கிற சாக்கில் எடுத்துப் பின்பக்கம் பார்த்தேன். அன்னாசி, வெண்ணெய், வெனிலா எல்லாம் சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தது.

இரவெல்லாம் எனக்குத் திங்கட்கிழமைதான். யாரோ ஒரு முதலாளி, சுற்றி நிற்கிற பத்துப் பேர், நடுவில் இந்த மனுஷன் மெலிந்த கழுத்தோடு ஆறு கிளாஸையும் தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொண்டு நிற்பது. யாராவது ஒருத்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தால் போதும். அத்தனை வருஷம் அவர் கட்டி வைத்திருந்த ஒரே ஒரு பெருமை அங்கேயே போய்விடும். போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் வேண்டும். காரணம் சொல்ல எனக்கு நிச்சயமாகத் தெரியவும் வேண்டும்.

சனிக்கிழமை நான் செய்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அவர் குளிக்கப் போயிருந்தார். நான் ஒரு சிட்டிகை தேயிலையைக் கொதிநீரில் காட்டி எடுத்தேன். வெளிர் மஞ்சளாக நிறம் வந்ததும் வடிகட்டி, ஐஸ் போட்டு ஆறவைத்தேன். சர்க்கரை இல்லை, புளிப்பு இல்லை, வெறும் தண்ணீர். ஒரு தண்டுக் கிளாஸில் ஊற்றி மேசையில் வைத்தேன். பாட்டிலைப் பக்கத்தில் வைத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவரிடம், “ஊத்தி வச்சிருக்கேன். லேபிளப் பாக்காமச் சொல்லுங்க பாப்போம்” என்றேன். பரீட்சை ஹாலில் நின்று பழகிய குரல்.

அவர் கிளாஸைத் தூக்கி ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். சாய்த்தார். நிமிர்த்தினார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். பிறகு மூக்கை விட்டார், ஒரு வாய் குடித்தார். மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“வெண்ணெ. வறுத்த தேங்கா. நேத்தத்தவிட இண்ணைக்கு அன்னாசி தெளிவா வருது. மரம் கொஞ்சம் பின்னுக்குப் போச்சு.”

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். இப்போது சொல்ல வேண்டும், இதற்காகத்தானே இவ்வளவும் செய்தது. அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். ஷேவ் செய்த முகம். தலையில் ஈரம் காயவில்லை. என் வாயில் வந்தது வேறு.

“சரியாச் சொல்லிட்டிய” என்றேன்.

அவர் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

“தேயில வெள்ளமாக்கும் இது.”

கிளாஸை மறுபடி எடுத்துச் சாய்த்துக் காட்டினார்.

“வைன் கிளாஸுல ஒட்டி, பைய வழிஞ்சு எறங்கும். இது பச்சத் தண்ணி மாதிரி ஒரே ஓட்டமா ஓடுது. நாக்குதான் போச்சு எனக்கு. கண்ணு போகல்ல.”

“தெரிஞ்சா பின்ன எதுக்கு வெண்ணெ, தேங்கான்னு...”

“நீ சொல்லுவியான்னு பாத்தேன்.” பாதிக் குரல் இன்னும் இறங்கியது. “நான் கள்ளம் சொன்னேன், செரி. எனக்கு வேற வழி இல்ல. நீ எதுக்குச் சொன்னே? டாக்டரு தட்டிக் குடுக்காரு. போதகரு ஜெபிச்சுட்டுத் தைரியமா இருங்காரு. மக போனுல ‘நல்லா இருக்கிய அப்பா’ங்கா. உள்ளத உள்ளபடி சொல்ல ஒரு ஆளு எனக்கு வேண்டாமா? எனக்கு நாக்கு இல்ல, அப்ப உன் நாக்குதானே எனக்கு உள்ளது. அதுவும் எனக்குக் கள்ளம் சொன்னா நான் எதப் புடிச்சு நிக்க?”

எனக்குக் கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும். “நீங்க மட்டும் ஒண்ணர வருஷமா என்ன செஞ்சிய? அடிப்பிடிச்ச ரசத்த நல்லா இருக்குன்னிய. நான் அதுல கிராம்பே போடல்ல. உங்க வாயப் பாத்து நான் காணிக்க போட்டேன்” என்று கத்தினேன். ஜன்னல் மூடியிருந்தது நல்லது. கத்திவிட்டு உட்கார்ந்து அழுதேன். அவர் எழுந்து வரவில்லை. என் அழுகை முடியும்வரை கிளாஸின் தண்டைப் பிடித்துக்கொண்டு இருந்தார். எங்களுக்குள் அந்த ஒன்றரை வருஷத்தில் நடந்த முதல் உண்மையான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு பாட்டிலைத் திறந்து, இன்னொரு கிளாஸில் இரண்டு விரல் அளவு ஊற்றி என் பக்கம் தள்ளினார்.

“ஒரே ஒரு சம்சயம் பாக்கி உண்டு. நேத்தேர்ந்து இத நான் குடிச்சுப் பாக்குதேன். எனக்கு அந்தத் தேயில வெள்ளமும் இதும் ஒண்ணுதான். ஆனா சாதனம் மட்டம். வெயில்ல கெடந்து கெட்டுப்போயும் இருக்கலாம். கெட்ட பாட்டிலு செல சமயம் ஒரு மணமும் இல்லாமத்தான் இருக்கும். நான் எத்தன பாட்டில மேசையிலேர்ந்து திருப்பி எடுத்திருக்கேன். நீ குடிச்சுப் பாரு. ஒண்ணும் இல்லன்னா, ஒண்ணும் இல்லன்னு சொல்லு. இருந்தா, உண்டுன்னு சொல்லு.”

என்னிடம் என்ன பதில் வேண்டும் என்பது அவர் கண்ணில் தெரிந்தது. பாட்டில் கெட்டது என்று ஒரு வார்த்தை. அது போதும் அவருக்கு, திங்கட்கிழமை வரை.

அறுபது வயதுக்கு மேல் நான் முதல்முதலாகக் குடித்தேன். முதலில் புளித்தது, கன்னம் இரண்டும் உள்ளே இழுத்துக்கொண்டது. துப்பிவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் வாய் முழுக்கப் பரவிவிட்டது. தீயலுக்குத் தேங்காய் வறுக்கும்போது பொன்னிறம் தாண்டுகிற அந்த நிமிஷத்தில் அடுக்களையில் எழும் மணம் அதில் இருந்தது. நன்றாகப் பழுத்த அன்னாசி இருந்தது. விழுங்கின பிறகும் நாக்கின் மேல் வெண்ணெய் தடவினதுபோல் ஒரு வழவழப்பு. கடைசியில் தச்சுப்பட்டறைப் பலகையின் லேசான கசப்பு. பாவி, எவ்வளவு நன்றாக இருந்தது. மட்டமான சாதனமே இப்படி இருந்தால், இந்த மனுஷன் எத்தனை வருஷம் எதையெல்லாம் வாயில் வைத்திருப்பார். அதெல்லாம் அவரிடமிருந்து போய்விட்டது என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. அதுவரை சோறு ருசிக்காத சங்கடம் என்றுதான் நினைத்திருந்தேன்.

“எப்படி உண்டு?” என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். “கெட்டுப்போகல்ல.”

“தேங்கா?”

“உண்டு. தீயலுக்கு வறுக்கும்போ வாற மணம்.”

“அன்னாசி?”

“நல்ல பழுத்த கைதச்சக்க.”

“வெண்ணெ எப்ப வருது, முன்னயா, பொறவா?”

“விழுங்கின பொறவு.”

“ம்” என்றார். தலையை இரண்டு முறை ஆட்டினார். “சரியாத்தான் சொல்லுதே. விழுங்கின பொறவுதான் வரணும்.”

அவர் எழுந்து முன்னறைக்குப் போனார். நான் கிளாஸ்களை அடுக்களைக்கு எடுத்துப்போய்க் குழாயைத் திறந்தேன். போனில் பேசுகிற சத்தம் கேட்டதும் குழாயை மூடினேன். மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை வரவில்லை என்றார். எதிர்ப்பக்கத்து ஆள் உடம்புக்கு என்ன என்று கேட்டிருக்க வேண்டும்.

“அசுகமொக்க மாறி. பக்ஷே எனிக்கு ருசி அறியான் பற்றுன்னில்லா. ஒன்னும் அறியுன்னில்லா.”

நோய் போய்விட்டது, ஆனால் ருசி தெரியவில்லை, ஒன்றுமே தெரியவில்லை. டாக்டரிடமோ மகளிடமோ என்னிடமோ அவர் இப்படி முழுசாக ஒரு நாளும் சொல்லாத வார்த்தை. எங்கள் இரண்டு பேருக்கும் வீட்டுப் பேச்சல்லாத பாஷையில், அடுத்த அறையில் நின்று, வேறொரு ஆளிடம் சொன்னார். எதிர்ப்பக்கத்து ஆள் வெகுநேரம் என்னவோ பேசினார். இவர் நடுநடுவே “மனசிலாயி”, புரிந்தது என்று மட்டும் சொன்னார்.

போனை வைத்துவிட்டு அடுக்களை வாசலில் வந்து நின்றார். கை தன்பாட்டில் அரிசிப் பானையைத் திறந்தது. வாய் தன்பாட்டில், “ராத்திரிக்கு என்ன வைக்கட்டும்?” என்று கேட்டுவிட்டது.

“உனக்குப் பிடிச்சத வை” என்றார்.

கல்யாணமான நாள் முதல் அவர் நாக்குக்குத்தான் நான் சமைத்திருக்கிறேன். அவர் கப்பலில் இருந்த மாதங்களிலும், அவர் வந்தால் செய்ய வேண்டும் என்று அதையேதான் செய்து பழகினேன். அரிசிப் பானை முன்னால் நின்று, எனக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.